டைவர்ஸ் ஆயிடுச்சு, கணவர் பேர்ல எழுதின பழைய உயில் தானா கேன்சல் ஆயிடுமா?

கேள்வி சுருக்கமா இதுதான். கேட்டவங்க கோயம்புத்தூர்ல வேலை பாக்கறாங்க, 38 வயசு, மியூச்சுவல் கன்சென்ட்ல போன வருஷம் டைவர்ஸ் ஆயிடுச்சு, 8 வயசுல ஒரு பையன், அவன் இவங்ககிட்டதான் வளர்றான். 2017ல கணவர் பேருக்கு எல்லாத்தையும் எழுதி ஒரு உயில் ரிஜிஸ்டர் பண்ணிருக்காங்க. ஃப்ளாட் ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, எல்ஐசி ரெண்டு பாலிசி, பிஎஃப், கொஞ்சம் ஃபிக்சட் டெபாசிட், கொஞ்சம் நகை. "டிகிரி (கோர்ட்டோட டைவர்ஸ் தீர்ப்பு) வந்துட்டாலே உயில் செல்லாதுதானே, வேற எதாவது பண்ணணுமா"ன்னு கேட்டிருக்காங்க.

செல்லும்மா. அதுதான் பிரச்சினையே. நான் திருச்சியில சிவில் பக்கம் வக்கீலா 20 வருஷத்துக்கு மேல இருக்கேன், டைவர்ஸ் முடிச்சுட்டு வர்றவங்க பத்துல எட்டு பேர் நீங்க நினைச்ச மாதிரியேதான் நினைச்சுட்டு இருக்காங்க. டிகிரி உங்க கல்யாணத்தை மட்டும்தான் முடிக்குது, நீங்க கையெழுத்து போட்டு வச்ச ஒரு காகிதத்தைக் கூட அது தொடறதில்ல. ஒவ்வொண்ணையும் நீங்களே போய் மாத்தினாத்தான் உண்டு.

இந்தக் குழப்பம் எங்கேந்து வருதுன்னா, இங்கிலாந்துல டைவர்ஸ் ஆனா உயில்ல இருக்கற முன்னாள் கணவனையோ மனைவியையோ இறந்துட்டவங்க மாதிரி வச்சுக்கிட்டு மீதி உயிலைப் படிப்பாங்க, அமெரிக்காவுலயும் நிறைய மாநிலங்கள்ல அப்படித்தான், நெட்ல தேடினா அதுதான் முதல்ல வருது. நம்ம ஊர் சட்டம் 1925ல வந்த இந்திய வாரிசுரிமைச் சட்டம், அதுல டைவர்ஸ் ஆனா உயில் ரத்துன்னு ஒரு வரி கிடையாது. கல்யாணம் பண்ணினா உயில் ரத்துன்னு 69வது பிரிவுல இருக்கு, அதுவும் இந்துக்களுக்கு இல்ல, கிறிஸ்தவங்களுக்கு உண்டு. அதனால உங்க ஃப்ரெண்ட்ஸ்ல கிறிஸ்தவங்க யாராவது டைவர்ஸுக்கு அப்புறம் ஒழுங்கா உயில் எழுதிட்டு பிறகு மறுகல்யாணம் பண்ணினா அந்த உயில் அந்த நிமிஷமே போச்சு, திரும்ப எழுதணும், இதை அவங்ககிட்ட சொல்லிடுங்க. முஸ்லிம்களுக்குக் கணக்கே வேற, மொத்த சொத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல உயில் எழுதினா வாரிசுகள் சம்மதம் வேணும், அதனால அவங்க தனியா ஆலோசனை கேட்டுக்கறது நல்லது. நீங்க இந்துன்னு சொல்லிருக்கறதால மீதியை உங்களுக்குப் பொருந்தற மாதிரியே சொல்றேன்.

இப்ப இருக்கற நிலைமையில உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன நடக்கும்னு பாப்போம். 2017 உயில்படி உங்க முன்னாள் கணவர் எல்லாத்தையும் கேக்கலாம், பையனுக்கு அந்த உயில்ல ஒண்ணுமில்ல. உயிலே இல்லாம போயிருந்தா பையன் ஒருத்தன்தான் வாரிசு, ஏன்னா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 15வது பிரிவுல ஒரு பெண்ணோட சொத்து முதல்ல பிள்ளைங்களுக்கும் கணவருக்கும், டைவர்ஸ் ஆனவர் கணவர் இல்ல. அதாவது எழுதாம விட்டிருந்தாக்கூட பையன் பத்திரமா இருந்திருப்பான், எழுதி வச்சதுதான் இப்ப அவனுக்கு எதிரா நிக்குது. அதனால இந்த வாரம் முடிக்கறதுக்குள்ள செய்ய வேண்டிய முதல் வேலை புது உயில்.

பழைய உயிலைக் கிழிச்சுப் போட்டா போதாதான்னு கேப்பீங்க. ஒரிஜினலை நீங்களே ரத்து பண்ற எண்ணத்தோட கிழிச்சா, எரிச்சா சட்டப்படி அது ரத்துதான், 70வது பிரிவு. ஆனா உங்களது ரிஜிஸ்டர் ஆனது, சார்பதிவகத்துல 3ம் புத்தகத்துல அதோட நகல் உக்காந்திருக்கு, உங்க காலத்துக்கு அப்புறம் யாராவது அந்த நகலை எடுத்துட்டு வந்து ஒரிஜினல் தொலைஞ்சு போச்சுன்னு சொன்னா, நீங்க கிழிச்சீங்கன்னு யார் வந்து சாட்சி சொல்றது? அதனால எழுத்துலயே ரத்து பண்ணுங்க. புது உயிலோட முதல் பத்தியிலயே பழைய உயிலோட தேதி, எந்த சார்பதிவகம், ஆவண எண், வருஷம் எல்லாம் போட்டு "இதையும் இதுக்கு முன் நான் எழுதிய வேறு எந்த உயிலையும் ரத்து செய்கிறேன்"னு எழுதணும். ரிஜிஸ்டர் ஆன உயிலை ரிஜிஸ்டர் ஆகாத உயிலால ரத்து பண்ண முடியும், கடைசியா எழுதினதுதான் நிக்கும், இது நிறைய பேருக்குத் தெரியாது. ஆனாலும் உங்க விஷயத்துல ரிஜிஸ்டர் பண்ணிடுங்கன்னுதான் சொல்வேன், எதிர்ல ஒரு பதிவான உயில் இருக்கறப்ப நம்மளுது வெள்ளைப் பேப்பரா இருந்தா கோர்ட்ல தேவையில்லாத கேள்வி எல்லாம் வரும். உயிலுக்கு முத்திரைத்தாள் வரி கிடையாது. உயில் வில்லங்கச் சான்றுலயும் வராது, நீங்க இருக்கற வரைக்கும் அதோட நகல் உங்களுக்கு மட்டும்தான் குடுப்பாங்க, அதனால அவருக்குத் தெரிஞ்சுடுமோன்னு பயப்பட வேண்டாம்.

சாட்சி ரெண்டு பேர் வேணும், நீங்க கையெழுத்து போடறதை அவங்க பாக்கணும், அவங்க போடறதை நீங்க பாக்கணும். உங்களை விட வயசுல சின்னவங்களா, உயில்ல எதுவும் கிடைக்காதவங்களா, ஊர்லயே இருக்கப் போறவங்களா பாருங்க. அப்பாவோட ஃப்ரெண்டு ரெண்டு பேரை சாட்சி போட்டுட்டு, 25 வருஷம் கழிச்சு அவங்க ரெண்டு பேருமே உயிரோட இல்லாம, கையெழுத்தை அடையாளம் காட்ட ஆள் தேடி அலைஞ்ச கேஸ் நானே நடத்திருக்கேன்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க. நீங்க புது உயில்ல "என் மகனுக்கு எல்லாம்"னு ஒரே வரியில எழுதிட்டு வந்துடுவீங்க, அப்படித்தான் எல்லாரும் எழுதறாங்க. பையனுக்கு 8 வயசு. உங்களுக்கு அப்புறம் சட்டப்படி அவனோட இயற்கை கார்டியன் யாரு? அவன் அப்பாதான். 1956 இந்து மைனர் மற்றும் கார்டியன்ஷிப் சட்டம் அப்படித்தான் சொல்லுது, கஸ்டடி உங்ககிட்ட இருந்ததால அவர் அப்பாங்கறது போயிடல. அப்ப பையன் பேர்ல வர்ற ஃப்ளாட்டையும் பணத்தையும் 18 வயசு வரைக்கும் கையில வச்சு நிர்வாகம் பண்றது அவரா இருக்க வாய்ப்பு அதிகம். அசையாச் சொத்தை கோர்ட் பர்மிஷன் இல்லாம அவரால விக்க முடியாது, அது ஒரு பாதுகாப்பு, ஆனா பேங்க்ல இருக்கற பணத்துக்கும் நகைக்கும் அந்த மாதிரி வேலி பெருசா இல்ல. உயில்ல "என் அண்ணனை கார்டியனா நியமிக்கிறேன்"னு எழுதினாலும் அப்பா உயிரோட இருக்கறப்ப பையனை வளக்கற பொறுப்புல அது அப்படியே நிக்கும்னு நம்பிட முடியாது, கோர்ட்தான் முடிவு பண்ணும். அவர் நல்ல அப்பாவா இருக்கலாம், பையன் அவர்கிட்ட வளர்றதுல உங்களுக்கு ஆட்சேபணையே இல்லாமக் கூட இருக்கலாம். பையன் யார்கிட்ட வளரணும்ங்கறது வேற, உங்க உழைப்புல வந்த சொத்து யார் கையில இருக்கணும்ங்கறது வேற, இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாருங்க.

பிரிக்கறதுக்கு வழி உயிலுக்குள்ளயே ஒரு டிரஸ்ட் வைக்கறது. பயப்படற மாதிரி பெரிய விஷயம் இல்ல, நாலஞ்சு பத்திதான். சொத்து நேரா பையன் பேருக்குப் போகாம, உங்க அண்ணனும் இன்னொருத்தரும் டிரஸ்டியா இருந்து அவன் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் செலவு பண்ணி, அவனுக்கு 25 வயசு ஆனதும் முழுசா குடுத்துடணும்னு எழுதலாம். 18ன்னு போடாதீங்க, ப்ளஸ் டூ முடிச்ச பையன் கையில மொத்தமா ஒரு ஃப்ளாட்டும் இன்சூரன்ஸ் பணமும் வந்தா நல்லதா கெட்டதான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. டிரஸ்டி ஒருத்தரை மட்டும் போடாதீங்க, அவருக்கு ஒண்ணு ஆனா அடுத்தது யாருன்னும் எழுதுங்க.

இன்னொண்ணு இருக்கு, சொல்றதுக்கே மனசு வரல ஆனா சொல்லணும். உங்களுக்கு அப்புறம் சொத்து பையனுக்கு வந்து, அவன் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி அவனுக்கும் எதாவது ஆயிட்டா, அவனோட வாரிசு வரிசையில அடுத்து நிக்கறது அவன் அப்பா. உங்க அம்மா அப்பாவுக்கோ அண்ணனுக்கோ ஒண்ணும் வராது. அதனால "25 வயசுக்கு முன் மகன் இறந்துவிட்டால் இன்னாருக்கு"ன்னு மாற்று ஆள் பேரும் அதே உயில்ல வேணும். அம்மா அப்பாவைப் பத்தியும் யோசிங்க. ஆம்பளைக்கு அம்மா முதல் வகுப்பு வாரிசு, ஆனா பெண்ணுக்குப் பிள்ளை இருந்தா அவங்க அம்மா அப்பாவுக்கு சட்டம் எதுவும் தர்றதில்ல. அவங்க இப்ப உங்க கூட அந்த ஃப்ளாட்லயே இருக்காங்கன்னா, அவங்க ஆயுள் வரைக்கும் அங்க குடியிருக்கலாம், யாரும் காலி பண்ணச் சொல்லக்கூடாதுன்னு ஒரு பத்தி கண்டிப்பா எழுதுங்க.

அடுத்து ஃப்ளாட். சமரசத்துல அவர் பங்கை உங்களுக்கு விட்டுத் தர்றதா ஒத்துக்கிட்டார்னு எழுதிருக்கீங்க, ஆனா பத்திரம் இன்னும் போடல. இது ரொம்ப ஆபத்து. வில்லங்கம் போட்டுப் பாத்தா இன்னைக்கும் ரெண்டு பேர் பேர்தான் இருக்கும். அவருக்கு நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா நீங்க பேச வேண்டியது அவரோட அம்மாகிட்ட, அவர் மறுகல்யாணம் பண்ணிருந்தா புது மனைவிகிட்டயும். டிகிரியில அந்த ஃப்ளாட்டோட சொத்து விவரம் ஷெட்யூலா சேந்திருக்கான்னு உங்க வக்கீல்கிட்ட கேளுங்க, சேந்திருந்தா டிகிரியையே சார்பதிவகத்துல பதிவு பண்ற வழி இருக்கு. இல்லன்னா அவர் தன் பங்கை விட்டுத் தர்ற விடுதலைப் பத்திரம் எழுதித் தரணும். செலவுதான் இடிக்கும். தமிழ்நாட்டுல குடும்பத்துக்குள்ள செட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரம்னா முத்திரைத்தாள் 1 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000, இது 2023 ஜூலையில உயர்த்தினது. டிகிரி வந்ததுக்கு அப்புறம் நீங்க ரெண்டு பேரும் கணவன் மனைவி இல்ல, அந்தச் சலுகை இல்லன்னு சார்பதிவாளர் சொல்லிடுவார், அப்ப முத்திரைத்தாள் 7 சதவீதக் கணக்குக்குப் போகும். இன்னும் டிகிரி வராம கேஸ் நடந்துட்டு இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா, தயவுசெஞ்சு பத்திரத்தை டிகிரிக்கு முன்னாடியே முடிச்சுடுங்க, லட்சக்கணக்குல மிச்சமாகும். ஹோம் லோன் இருந்தா பேங்க் தனி, அவங்க டிகிரியைப் பாத்து யாரையும் லோன்லேந்து எடுத்துட மாட்டாங்க, உங்க ஒருத்தர் சம்பளத்துக்கு லோனை மாத்திக் குடுன்னு எழுதிக் கேக்கணும்.

பவர் பத்திரம் எதாவது அவருக்குக் குடுத்திருக்கீங்களா? வெளியூர்ல வேலை பாத்தப்ப ஃப்ளாட் ரிஜிஸ்ட்ரேஷனுக்காகக் குடுத்து மறந்தே போயிருப்பீங்க. டைவர்ஸ்ல அது ரத்தாகாது. எந்த ஆபீஸ்ல பதிவு பண்ணீங்களோ அங்கயே ரத்துப் பத்திரம் போட்டு, அவருக்கு ரிஜிஸ்டர் தபால்ல நோட்டீஸும் அனுப்புங்க. ஆனா அவர் பேருக்கு ஏற்கெனவே தான செட்டில்மெண்ட் எதாவது எழுதிக் குடுத்திருந்தா அது போனது போனதுதான், உயிலை எத்தனை தடவை வேணா மாத்தலாம், செட்டில்மெண்ட்டை நினைச்சப்ப மாத்த முடியாது.

இப்ப நாமினி. இதுல நான் கண்ணால பாத்த ஒண்ணைச் சொல்லிடறேன். சில வருஷம் முன்னாடி வயசான அம்மா அப்பா ஒரு மஞ்சப்பையோட வந்தாங்க, மக இறந்து நாப்பது நாள் கூட ஆகல, டைவர்ஸ் ஆகி மூணு வருஷமா அந்தப் பொண்ணு இவங்க கூடத்தான் இருந்திருக்கு. பைக்குள்ள இன்சூரன்ஸ் பாண்டு. முதல் பக்கத்துல நாமினி கட்டத்துல கணவர் பேரை நீல பேனாவால ஒரே கோடா அடிச்சு, பக்கத்துல அந்தப் பொண்ணே தன் கையெழுத்துல அம்மா பேரை எழுதி, கீழ தேதி போட்டு சைன் பண்ணி வச்சிருந்தது. அந்தம்மா அந்த எழுத்தைத் தடவித் தடவிக் காட்டினாங்க, "மாத்திட்டேம்மான்னு எங்கிட்ட சொன்னாளே"ன்னு. அது செல்லல. நாமினி மாத்தினது கம்பெனிக்கு எழுத்துல போய் அவங்க ரிஜிஸ்டர்ல ஏறினாத்தான் மாத்தம், இன்சூரன்ஸ் சட்டம் 39வது பிரிவுலயே அது இருக்கு. முன்னாள் கணவரும் க்ளெய்ம் போட்டார், கோர்ட்டுக்குப் போகாம அந்தப் பணம் யாருக்கும் வரல.

நாமினின்னா வெறும் வாங்கிக் குடுக்கற ஆள்தானே, உண்மையான சொந்தக்காரன் வாரிசுதானேன்னு யாராவது உங்களுக்கு ஆறுதல் சொல்லலாம். பேங்க் டெபாசிட், ஷேர், மியூச்சுவல் ஃபண்டுக்கு அது சரி, ஷேர் விஷயத்துல சுப்ரீம் கோர்ட் 2023 டிசம்பர்ல கூட அதைத் தெளிவாச் சொல்லிடுச்சு. ஆனா லைஃப் இன்சூரன்ஸ்ல 2015ல சட்டம் மாறிடுச்சு, கணவன் மனைவி, பிள்ளைங்க, பெத்தவங்க நாமினியா இருந்தா அந்தப் பணம் அவங்களுக்கே சொந்தம்னு வந்துடுச்சு. "நாமினி போட்ட அன்னிக்கு நான் கணவன்தானே"ன்னு அவர் வாதாட இடம் இருக்கு, அந்த இடத்தை நாம ஏன் வச்சிருக்கணும். பாலிசி எதாவது 1874 திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்துக்குக் கீழ எடுத்ததா இருந்தா மட்டும் பேர் மாத்த முடியாது, பாண்டுல அது எழுதிருக்கும், பாத்துக்கோங்க.

பிஎஃப்க்கு யுஏஎன் போர்ட்டல்ல போய் இ-நாமினேஷன் புதுசா போடுங்க, முன்னாள் கணவர் இப்ப பிஎஃப் திட்டத்துல குடும்பமே இல்ல, அந்தப் பழைய நாமினேஷன் கிடந்தா உங்க பையனுக்குப் பணம் வர்றதுல அலைச்சல்தான் மிச்சம். கிராஜுவிட்டிக்கும் ஆபீஸ் க்ரூப் இன்சூரன்ஸுக்கும் எச்ஆர்ல தனி ஃபார்ம், இது எல்லாரும் விட்டுடறது. பேங்க்ல 2025 நவம்பர் 1லேந்து ஒரு டெபாசிட்டுக்கு நாலு நாமினி வரைக்கும் போடலாம், எத்தனை சதவீதம்னும் பிரிக்கலாம், பையனுக்கும் அம்மாவுக்கும் பிரிச்சுப் போட இது வசதி. பிபிஎஃப் இருந்தா அதுலயும் மாத்துங்க, முன்னாடி 50 ரூபாய் கட்டணம் இருந்தது, 2025ல அதையும் எடுத்துட்டாங்க. ஜாயிண்ட் அக்கவுண்ட் "ஐதர் ஆர் சர்வைவர்"ல இருந்தா மூடிடுங்க, அதுல ஒருத்தர் போனா பேங்க் இன்னொருத்தர்கிட்டதான் பணத்தைக் குடுக்கும். லாக்கரும் அப்படித்தான், நகை அதுலதான் இருக்கும்னு நினைக்கறேன்.

இதைப் படிக்கற வேற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பிரிஞ்சு பல வருஷம் ஆச்சு, ஊர்ல பேசி முத்திரைத்தாள்ல எழுதி நோட்டரி சைன் வாங்கியாச்சு, அதனால டைவர்ஸ் ஆயிடுச்சுன்னு நினைச்சுட்டு இருக்கறவங்க தமிழ்நாட்டுல ஏராளம். அந்தச் சமூகத்துல தொன்றுதொட்டு வந்த வழக்கம்னு நிரூபிக்க முடிஞ்சா ஒழிய அந்தப் பேப்பர் டைவர்ஸ் இல்ல. கோர்ட் டிகிரி இல்லாத வரைக்கும் அவர் உங்க கணவர், உயில் இல்லன்னா உங்க சம்பாத்தியத்துல முதல் வரிசை வாரிசு. பிள்ளையும் இல்ல, கணவரும் உங்களுக்கு முன்னாடியே இறந்துட்டார்னா உங்க சொந்தச் சம்பாத்தியம் உங்க அம்மா அப்பாவைத் தாண்டி கணவரோட வாரிசுகளுக்குப் போகும். நாராயணி தேவின்னு ஒருத்தங்க, கல்யாணமாகி மூணு மாசத்துல கணவர் இறந்துட்டார், புகுந்த வீட்டுலேந்து வெளிய அனுப்பிட்டாங்க, அம்மா வீட்டுல இருந்து படிச்சு வேலைக்குப் போய் தன் கையால சேத்தது அத்தனையும், உயில் எழுதாம போனதால, அனுப்பின அந்தக் குடும்பத்துக்கே போச்சு. 2009ல சுப்ரீம் கோர்ட் அனுதாபத்தை வச்சு தீர்ப்பு சொல்ல முடியாது, சட்டம் இப்படித்தான் இருக்குன்னு சொல்லிடுச்சு. அந்தத் தீர்ப்பைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல, அதுக்கப்புறம் எங்கிட்ட வர்ற எந்தப் பெண்கிட்டயும் உயில் எழுதியாச்சான்னு கேக்காம அனுப்பறதில்ல. கேஸ் நடக்கறப்பவே உயில் எழுதலாம், டிகிரி வரணும்னு காத்திருக்க அவசியமே இல்ல.

திரும்ப உங்ககிட்ட வர்றேன். டிகிரியோட சர்டிஃபைட் காப்பி ஒரு நாலு செட் வாங்கி வச்சுக்கோங்க, ஒவ்வொரு எடத்துலயும் கேப்பாங்க. புது உயில் எங்க இருக்குன்னு அண்ணனுக்கும் அம்மாவுக்கும் தெரியணும், பீரோவுக்குள்ள பட்டுப்புடவை மடிப்புல வச்சுட்டு யாருக்கும் சொல்லாம இருந்துடாதீங்க. அப்புறம் கேள்வியில "எல்ஐசில மட்டும் நாமினியைப் பையன் பேருக்கு மாத்திட்டேன்"னு ஒரு வரி எழுதிருக்கீங்க. பையன் மைனர், அதனால நாமினி பேருக்குக் கீழ அப்பாயின்டீன்னு ஒரு கட்டம் இருக்கும், பையன் சார்பா பணத்தைக் கையில வாங்கறவர் அவர்தான். கவுண்டர்ல இருக்கறவங்க "அப்பா பேர் சொல்லுங்க"ன்னு கேட்டு அதையே அங்க நிரப்பி விட்டிருப்பாங்க, எத்தனையோ பாண்டுல பாத்திருக்கேன். இன்னைக்கு ராத்திரியே ரெண்டு பாண்டையும் எடுத்து அந்தக் கட்டத்துல யார் பேர் இருக்குன்னு பாருங்க.